தனிமங்களும் அவற்றின் குறியீடுகளும்: தொடக்கநிலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதியியலை முதன்முதலாகப் படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்கு வீட்டில் பாடம் சொல்லித் தரும் பெற்றோருக்கும், பள்ளியில் படித்ததை மறந்து மீண்டும் தொட விரும்பும் பெரியவர்களுக்கும் இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. குறியீடுகள் இங்கே வகுப்பறையில் வாய்விட்டுப் படிக்கும் முறையிலேயே தரப்பட்டுள்ளன. இரும்பின் குறியீடு எஃப்-ஈ என்று எழுதப்பட்டிருந்தால், எஃப் என்னும் லத்தீன் எழுத்தைப் பெரிய வடிவிலும் ஈ என்பதைச் சிறிய வடிவிலும் எழுத வேண்டும் என்று கொள்ளுங்கள்.

தனிமம் என்றால் என்ன?

எந்த வேதிமுறையாலும் தன்னைவிட எளிய வேறு பொருள்களாகப் பிரிக்க முடியாத பொருளே தனிமம். செம்பை உருக்கலாம், கம்பியாக இழுக்கலாம், அமிலத்தில் கரைத்து நீல நிறக் கரைசலாக்கலாம், அந்தக் கரைசலிலிருந்து மீண்டும் செம்பாகவே மீட்டெடுக்கலாம். ஆனால் செம்பைப் பிரித்து அதைவிட எளிய ஒன்றை எடுக்க முடியாது. பித்தளை அப்படிப்பட்டதன்று. அது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகக்கலவை. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. ஐம்பொன்னும் எஃகும்கூடக் கலவைகளே. உலோகம் என்று பார்த்தவுடன் தனிமம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இவற்றை முதலில் சொல்கிறோம்.

மேலே சொன்ன வரையறையைத் தெளிவாக நிறுவியவர் பிரான்சு நாட்டின் லவாய்சியர். 1789-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 33 பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒளியும் வெப்பமும் இடம்பெற்றன, சுண்ணாம்பும் இடம்பெற்றது. அன்றைய கருவிகளால் சுண்ணாம்பைப் பிரிக்க முடியவில்லை. ஆகவே அன்றைய அளவில் அது தனிமம். 1808-இல் இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு அதிலிருந்து கால்சியம் என்னும் உலோகத்தைப் பிரித்தெடுத்த பிறகு சுண்ணாம்பு பட்டியலிலிருந்து நீங்கியது. ஒரு பொருள் தனிமமா இல்லையா என்பதைச் சோதனை முடிவு செய்கிறது என்ற அந்த அணுகுமுறைதான் வேதியியலை அறிவியலாக்கியது என்பது எம் கருத்து.

இன்று வரையறை இன்னும் கூர்மையாகிவிட்டது. அணு என்பது தனிமத்தின் மிகச் சிறிய துகள்; அதன் மையத்திலுள்ள கருவில் நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான்கள் இருக்கின்றன. ஒரே எண்ணிக்கையிலான புரோட்டான்களைக் கருவில் கொண்ட அணுக்களால் ஆன பொருளே தனிமம். கருவில் 29 புரோட்டான்கள் இருந்தால் அது செம்பு, 79 இருந்தால் தங்கம். இந்த எண்ணுக்கு அணு எண் என்று பெயர்.

நிலம், நீர், தீ, காற்று, வானம் ஆகிய ஐம்பூதங்கள் தனிமங்கள் ஆகாவா?

ஆகா. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விதான் இது. உலகம் சில அடிப்படைப் பொருள்களால் ஆனது என்ற எண்ணம் சரியானது; அந்தப் பொருள்கள் எவை என்பதைக் கண்டறியத்தான் நெடுங்காலம் ஆயிற்று. 1800-ஆம் ஆண்டில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இரு ஆங்கிலேயர்கள், அப்போது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த வோல்ட்டா மின்கலத்தின் கம்பிகளை நீருக்குள் விட்டபோது, ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறுமுனையில் ஆக்ஸிஜனும் வெளிவந்தன. நீர் பிரிந்துவிட்டது, எனவே அது தனிமம் அன்று, இரு தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் இணைந்த சேர்மம்.

காற்று ஒரு கலவை. உலர்ந்த காற்றின் கன அளவில் நைட்ரஜன் ஏறத்தாழ 78 விழுக்காடு, ஆக்ஸிஜன் 21 விழுக்காடு, எஞ்சியதில் பெரும்பகுதி ஆர்கான். மண்ணும் பாறையும் பல சேர்மங்களின் தொகுப்பு. பூமியின் மேலோட்டில் எடை அளவில் மிகுதியாக இருப்பவை ஆக்ஸிஜன், சிலிக்கான், அலுமினியம், இரும்பு ஆகிய நான்கும். காலடியில் இருக்கும் திண்மையான பாறையில் கிட்டத்தட்டப் பாதி எடை ஆக்ஸிஜனுடையது என்பது முதல்முறை கேட்பவரை வியக்க வைக்கும். தீ என்பது பொருளே அன்று, எரிதல் என்னும் நிகழ்வு. வானம் என்பது வெளி.

அணு, மூலக்கூறு, தனிமம், சேர்மம் ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது?

தனிமத்தின் பண்புக்குரிய மிகச் சிறிய துகள் அணு. இரண்டோ அதற்கு மேற்பட்டோ அணுக்கள் பிணைந்து ஒன்றாக இயங்கினால் அது மூலக்கூறு. பிணைந்தவை ஒரே வகை அணுக்களாக இருந்தால் பொருள் தனிமமாகவே இருக்கும். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன் அப்படி இரண்டிரண்டு அணுக்களாகத்தான் திரிகிறது. வெவ்வேறு வகை அணுக்கள் பிணைந்தால் அது சேர்மம். ஆக, எல்லா மூலக்கூறுகளும் சேர்மங்கள் அல்ல. தேர்வுகளில் மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுவே.

மொத்தம் எத்தனை தனிமங்கள் உள்ளன?

இன்று ஏற்கப்பட்டவை 118. இவற்றுள் 90-க்குச் சற்று மேற்பட்டவை இயற்கையில், சில மிக மிகச் சிறிய அளவிலேனும், காணப்படுகின்றன. எஞ்சியவை ஆய்வகங்களில் உருவாக்கப்பட்டவை. அறை வெப்பநிலையில் நீர்மமாக இருப்பவை பாதரசமும் புரோமினும் மட்டுமே. காலியம் என்னும் உலோகம் 29.8 டிகிரி செல்சியசில் உருகுவதால், சென்னையின் கோடைப் பகலில் அதையும் நீர்மமாகவே காணலாம். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஃபுளூரின், குளோரின் ஆகியவையும், எளிதில் வேறெதனோடும் சேராத, ஹீலியம் முதல் ரேடான் வரையிலான ஆறு மந்த வாயுக்களும் வாயு நிலையில் உள்ளன. மற்றவற்றில் பெரும்பாலானவை திண்மங்கள், அவற்றிலும் பெரும்பாலானவை உலோகங்கள்.

குறியீடுகளை உருவாக்கியவர் யார்? அவை எதற்குத் தேவைப்பட்டன?

பொருள்களைப் படங்களாலும் அடையாளங்களாலும் குறிக்கும் வழக்கம் மிகப் பழையது. ஐரோப்பிய இரசவாதிகள் அன்று அறியப்பட்டிருந்த ஏழு உலோகங்களை வானத்தின் ஏழு கோள்களோடு இணைத்தார்கள். தங்கத்துக்குச் சூரியனின் அடையாளம், வெள்ளிக்கு நிலவின் பிறை, இரும்புக்குச் செவ்வாயின் அடையாளம் என்று எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் புரிந்துகொள்ளக் கூடாது என்று விரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜான் டால்டன் அணுக் கொள்கையை முன்வைத்தபோது, ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் ஒரு வட்டத்தை வரைந்தார். வெறும் வட்டம் ஆக்ஸிஜன், நடுவில் புள்ளியிட்ட வட்டம் ஹைட்ரஜன், முழுக்கக் கறுத்த வட்டம் கார்பன். ஒரு வட்டம் ஓர் அணு என்ற கருத்து மிக ஆழமானது. ஆனால் தனிமங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக வட்டங்களை நினைவில் வைப்பதும் அச்சுக் கோப்பதும் கடினமாயின.

அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் சுவீடன் நாட்டின் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ். 1813, 1814 ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளில், ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் லத்தீன் பெயரின் முதலெழுத்தைக் குறியீடாகக் கொள்ளலாம் என்றும், இரு பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்கினால் இன்னோர் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அவர் முன்மொழிந்தார். எழுத்துகள் எல்லா அச்சகங்களிலும் ஏற்கெனவே இருந்தன, எழுதவும் எளியவை. அவர் லத்தீனைத் தேர்ந்ததற்குக் காரணம், ஐரோப்பிய அறிஞர் அனைவரும் பொதுவாகக் கற்ற மொழியாக அன்று அது இருந்ததுதான். தம் தாய்மொழியை அவர் பிறர்மீது திணிக்கவில்லை என்பதை இங்கே மதிப்போடு குறிப்பிட வேண்டும். டால்டனுக்கு இந்த முறை கடைசிவரை பிடிக்கவில்லை. எனினும் சில பத்தாண்டுகளில் வேதியியலாளர் அனைவரும் இதை ஏற்றனர்.

பெர்சீலியஸ் குறியீட்டு முறையை வகுத்ததோடு நின்றவர் அல்லர். செலினியம், தோரியம் ஆகிய தனிமங்களைக் கண்டறிந்தவர் அவர். சீரியத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். சிலிக்கானை முதலில் பிரித்தெடுத்தவர். 1829-இல் நார்வேயிலிருந்து வந்த ஒரு கனிமத்தில் அவர் கண்ட தோரியம், கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமமாகக் கலந்து கிடக்கிறது. சீரியமும் அதே கனிமத்தில்தான் உள்ளது.

குறியீட்டை எழுதும்போது எந்த விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்?

முதலெழுத்து எப்போதும் பெரிய எழுத்து. இரண்டாம் எழுத்து இருந்தால் அது எப்போதும் சிறிய எழுத்து. குறியீட்டின் முடிவில் புள்ளி இல்லை. விதி இவ்வளவே, ஆனால் இதில் விலக்கு கிடையாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். சி-ஓ என்பதில் ஓ சிறிய எழுத்தாக இருந்தால் அது கோபால்ட், கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் ஆழ்ந்த நீல நிறம் தரும் உலோகம். அதே ஓ பெரிய எழுத்தானால், ஒரு கார்பன் அணுவும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் இணைந்த கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் கரி எரித்தால் உண்டாகி, நிறமோ மணமோ இன்றி உயிரைப் பறிக்கும் வாயு. எச்-எஃப் என்பதில் எஃப் சிறிதானால் ஹாஃப்னியம் என்னும் உலோகம்; பெரிதானால் கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு. எழுத்தின் அளவு மாறினால் பொருளே மாறிவிடுகிறது. ஆகவே குழந்தைகள் முதல் நாளிலிருந்தே இதைச் சரியாக எழுதப் பழக வேண்டும். பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால் தவறான பழக்கம் கையில் ஊறிவிடும்.

சோடியத்துக்கு என்-ஏ, பொட்டாசியத்துக்கு கே, இரும்புக்கு எஃப்-ஈ. பெயருக்கும் குறியீட்டுக்கும் ஏன் பொருத்தமே இல்லை?

பொருத்தம் உண்டு, ஆனால் அது ஆங்கிலப் பெயரோடு அன்று. ஆங்கிலப் பெயரோடு பொருந்தாத குறியீடுகள் மொத்தம் 11. சோடியம், பொட்டாசியம், இரும்பு, செம்பு, வெள்ளி, வெள்ளீயம், ஆன்டிமணி, டங்ஸ்டன், தங்கம், பாதரசம், ஈயம் ஆகியவை அவை. இவற்றுள் ஏழு, மனிதர் பழங்காலம் முதல் அறிந்த உலோகங்கள். அவற்றுக்கு லத்தீனில் பழைய பெயர்கள் இருந்தன, குறியீடுகள் அந்தப் பெயர்களிலிருந்து வந்தன.

இரும்பு லத்தீனில் ஃபெர்ரம், ஆகவே எஃப்-ஈ. தங்கம் ஔரம், ஆகவே ஏ-யு. வெள்ளி அர்ஜென்டம், ஆகவே ஏ-ஜி. அர்ஜென்டினா நாட்டின் பெயரும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததே. செம்பு கூப்ரம், ஆகவே சி-யு. பழங்காலத்தில் செம்பு மிகுதியாகக் கிடைத்த சைப்ரஸ் தீவின் பெயர் அதனுள் இருக்கிறது. வெள்ளீயம் ஸ்டானம், ஆகவே எஸ்-என். ஈயம் பிளம்பம், அதன் முதலெழுத்தும் ஐந்தாம் எழுத்தும் குறியீடாயின. ரோமானியர்கள் நீர்க்குழாய்களை ஈயத்தால் செய்தார்கள், குழாய் வேலை செய்பவரை நாம் இன்றும் பிளம்பர் என்றே அழைக்கிறோம். பாதரசத்தின் எச்-ஜி, ஹைட்ரார்ஜிரம் என்னும் பெயரிலிருந்து வந்தது. நீர் போன்ற வெள்ளி என்பது அதன் பொருள், அதன் தோற்றத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை ஒப்புவார்கள்.

சோடியமும் பொட்டாசியமும் வேறு வகை. 1807-இல் டேவி சில நாள் இடைவெளியில் இரண்டையும் மின்னாற்பகுப்பால், அதாவது மின்சாரத்தைச் செலுத்தி, பிரித்தெடுத்து, சோடா, பொட்டாஷ் என்னும் உப்புகளின் பெயரால் அழைத்தார். ஆனால் ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் அவற்றுக்கு நேட்ரியம், கேலியம் என்ற பெயர்கள் வழங்கின. முன்னது எகிப்தில் கிடைத்த நேட்ரான் உப்பிலிருந்தும், பின்னது தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்தும் வந்தவை. பெர்சீலியசின் முறையில் நிலைத்தவை இந்தப் பெயர்களே. டங்ஸ்டனுக்கு டபிள்யு என்ற குறியீடு வுல்ஃப்ராம் என்னும் ஜெர்மானியப் பெயரிலிருந்து வந்தது. 11-இல் லத்தீனோடு சிறிதும் தொடர்பற்றது இது ஒன்றே.

இரண்டாம் எழுத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சி என்னும் எழுத்தில் மட்டும் 12 குறியீடுகள் தொடங்குகின்றன. தனி எழுத்து கார்பனுக்குப் போயிற்று; கால்சியம், குளோரின், குரோமியம், கோபால்ட், செம்பு, காட்மியம், சீசியம், சீரியம், கியூரியம், கலிஃபோர்னியம், கோப்பர்நீசியம் ஆகியவற்றுக்கு இரண்டாம் எழுத்து வேண்டியதாயிற்று. பெயரின் இரண்டாம் எழுத்து கிடைத்தால் அதையே எடுப்பார்கள். அதை வேறு தனிமம் ஏற்கெனவே பெற்றிருந்தால் பெயரில் பின்னால் வரும் ஓர் எழுத்தை எடுப்பார்கள். மக்னீசியத்துக்கும் மாங்கனீசுக்கும் முதல் இரண்டு எழுத்துகள் ஒன்றே. ஆகவே முன்னது எம்-ஜி, பின்னது எம்-என். இந்த இரண்டையும் மாற்றி எழுதாத மாணவரைக் காண்பது அரிது. இலைகளின் பச்சையத்தில் இருப்பது மக்னீசியம், எஃகை உறுதியாக்கச் சேர்ப்பது மாங்கனீசு என்று பொருளோடு சேர்த்துப் படித்தால் குழப்பம் தீரும்.

ஒற்றை எழுத்துக் குறியீடுகள் 14 மட்டுமே. ஜே, க்யு ஆகிய இரண்டு எழுத்துகளும் இன்றைய குறியீடுகள் எதிலும் இல்லை.

குறியீடு தனிமத்தின் பெயரை மட்டும்தான் குறிக்கிறதா?

இல்லை, குறியீட்டின் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது. சி என்று எழுதினால் அது கார்பன் என்னும் தனிமத்தைக் குறிக்கும், ஒரு கார்பன் அணுவையும் குறிக்கும், கணக்குகளில் ஒரு மோல் கார்பனையும் குறிக்கும். ஒரு மோல் என்பது 6.022-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் கிடைக்கும் எண்ணிக்கை. அத்தனை கார்பன் அணுக்களின் எடை ஏறத்தாழ 12 கிராம், அத்தனை இரும்பு அணுக்களின் எடை ஏறத்தாழ 56 கிராம். கண்ணுக்குத் தெரியாத அணுவையும் தராசில் நிறுக்கும் பொருளையும் ஒரே எழுத்து இணைத்துவிடுகிறது. குறியீட்டைப் பெயரின் சுருக்கமாக மட்டும் கருதி உருப்போட்ட மாணவர்கள் சமன்பாடுகள் வந்ததும் திணறுவது இதனால்தான். ஒரு குறியீடு ஓர் அணு என்று முதல் பாடத்திலேயே மனத்தில் பதிய வேண்டும்.

வாய்ப்பாட்டில் வரும் சிறிய எண்கள் எதைச் சொல்கின்றன?

ஒரு பொருளில் எந்தெந்த அணுக்கள் எத்தனை உள்ளன என்பதைக் குறியீடுகளால் எழுதிக் காட்டுவதே வாய்ப்பாடு. நீரின் வாய்ப்பாட்டில் எச் என்பதன் வலப்பக்கக் கீழ்மூலையில் 2 இருக்கிறது, ஓ என்பதன் பக்கத்தில் எண் இல்லை. ஒரு நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் உள்ளன என்பது அதன் பொருள், 1 எழுதப்படுவதில்லை. பெர்சீலியஸ் இந்த எண்ணை மேலே எழுதினார், பிற்காலத்தில் கீழே எழுதும் வழக்கம் நிலைத்தது.

வாய்ப்பாட்டுக்கு முன்னால் முழு அளவில் எழுதப்படும் எண் வேறு. நீரின் வாய்ப்பாட்டுக்கு முன்னால் 2 என்று எழுதினால் இரண்டு நீர் மூலக்கூறுகள் என்று பொருள். அவற்றில் மொத்தம் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களும் இருக்கும். சமன்பாட்டைச் சமப்படுத்தும்போது முன்னால் உள்ள எண்ணை மாற்றலாம், கீழுள்ள எண்ணை ஒருபோதும் மாற்றக் கூடாது. நீரின் வாய்ப்பாட்டில் ஓ-வுக்குக் கீழே 2 எழுதிவிட்டால் அது நீரே அன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு.

சோடியமும் குளோரினும் கொடியவை என்கிறார்கள். பிறகு உப்பை எப்படி உண்கிறோம்?

சோடியம் கத்தியால் வெட்டும் அளவுக்கு மென்மையான உலோகம். நீரில் பட்டால் ஹைட்ரஜனை வெளியேற்றிச் சூடாகித் தீப்பற்றக்கூடியது என்பதால் மண்ணெண்ணெய்க்குள் மூழ்க வைத்துப் பாதுகாக்கிறார்கள். குளோரின் மஞ்சள் கலந்த பச்சை நிறமுடைய நச்சு வாயு; முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியப் படை அதை ஆயுதமாகவே பயன்படுத்தியது. இவை இரண்டும் இணைந்தால் உண்டாவது சமையல் உப்பு.

அணுவின் கருவைச் சுற்றி எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்கள் கூடு கூடாக அமைந்திருக்கின்றன. சோடியம் அணுவின் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான் இருக்கிறது, அதை அது எளிதில் இழக்கும். குளோரின் அணுவின் வெளிக்கூடு நிறைய ஓர் எலக்ட்ரான் குறைகிறது. ஒன்று கொடுக்க, மற்றது பெற, இரண்டும் மின்னூட்டம் கொண்ட அயனிகளாகி ஒன்றையொன்று ஈர்த்து அடுக்கடுக்காக அமைகின்றன. பழைய வேட்கை அந்த அயனிகளிடம் இல்லை. சோடியம் 98 டிகிரியில் உருகும், உப்போ 801 டிகிரியில்தான் உருகும். சேர்மத்தின் பண்புகள் அதிலுள்ள தனிமங்களின் பண்புகளின் கூட்டுத்தொகை அல்ல. உணவுப் பொட்டலத்தில் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பது உப்பிலும் பிற சேர்மங்களிலும் உள்ள அயனியைத்தான் குறிக்கிறது, உலோகத்தை அன்று.

தனிம வரிசை அட்டவணை எப்படி உருவானது?

1869-இல் ரஷ்யாவின் திமீத்ரி மெண்டலீவ் அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை அணு எடையின் வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, ஒத்த பண்புகள் ஒரு முறைப்படி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். அவருடைய துணிவு வெற்றிடங்களில் வெளிப்பட்டது. ஒரு தனிமம் பொருந்தாத இடத்தில் அதை வலிந்து நுழைக்காமல், இங்கே இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒன்று இருக்கிறது என்று கட்டத்தைக் காலியாக விட்டு, வரப்போகும் தனிமத்தின் அடர்த்தியையும் எடையையும்கூட எழுதினார். ஏக-அலுமினியம், ஏக-போரான், ஏக-சிலிக்கான் என்று அவற்றுக்குச் சமஸ்கிருத எண்ணுப்பெயரைக் கொண்டு தற்காலிகப் பெயரிட்டார்.

1875-இல் பிரான்சில் காலியம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் அடர்த்தி 4.7 என்று முதலில் அளந்திருந்தார்கள். அது 5.9 அளவில் இருக்க வேண்டும், இன்னும் தூய்மையாக்கி அளவுங்கள் என்று மெண்டலீவ் எழுதினார். அளந்தபோது அவர் சொன்னதே சரியாக இருந்தது. 1879-இல் ஸ்காண்டியமும் 1886-இல் ஜெர்மானியமும் வந்து எஞ்சிய கட்டங்களை நிரப்பின. தனிமத்தைக் கண்ணால் காணாதவர் கண்டவரைத் திருத்திய இந்த நிகழ்வை, அட்டவணையைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் வகுப்பில் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறோம்.

அணு எடை வரிசையில் சில சிக்கல்கள் எஞ்சின. டெலூரியம் அயோடினைவிடக் கனமானது. ஆனால் பண்புகளின்படி டெலூரியம் முன்னால் வர வேண்டும். 1913-இல் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்து, தனிமங்களை வரிசைப்படுத்துவது எடை அன்று, கருவின் மின்னூட்டமாகிய அணு எண்ணே என்று காட்டினார். டெலூரியம் 52, அயோடின் 53. மோஸ்லி 1915-இல் கலிப்பொலிப் போர்க்களத்தில் இறந்தபோது அவருக்கு வயது 27.

தனிமங்களுக்குப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

பண்பு, நாடு, ஊர், கோள், புராணம், அறிஞர் என்று பல இடங்களிலிருந்து வந்தன. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகருக்கு அருகிலுள்ள யிட்டர்பி என்னும் சிற்றூரின் பெயரை யிட்ரியம், யிட்டர்பியம், டெர்பியம், எர்பியம் என நான்கு தனிமங்கள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. அவ்வூர்ச் சுரங்கத்தில் கிடைத்த கனிமமே அதற்குக் காரணம். மேரி கியூரியும் பியேர் கியூரியும் 1898-இல் கண்ட முதல் தனிமத்துக்கு, அன்று தனி நாடாக இல்லாத போலந்தின் பெயரால் பொலோனியம் என்று பெயரிட்டார்கள்.

ஹீலியத்தின் கதையில் நம் பக்கத்து மண்ணுக்கும் பங்குண்டு. 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் பியேர் ஜான்சன், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியால் ஆராய்ந்தார். சூரிய விளிம்பின் ஒளியில் காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடு, அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் உரியதாக இல்லை. இங்கிலாந்தின் நார்மன் லாக்கியர் அது புதிய தனிமத்துடையது என்று கருதினார். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்னும் பெயர் பிறந்தது. 1895-இல் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து வெளிவந்த வாயுவில் அதைப் பூமியிலேயே கண்டார். மற்ற மந்த வாயுக்களின் பெயர்கள் நியான், ஆர்கான் என்று முடிய, ஹீலியம் மட்டும் உலோகப் பெயர்களைப் போல முடிகிறது. பெயரிட்ட காலத்தில் அது வாயு என்பதே தெரியாது.

இலங்கைப் பாடநூல்களில் பெயர்கள் வேறாக உள்ளனவே, குறியீடுகளும் மாறுமா?

மாறா. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தனிமம், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், கார்பன் என்று எழுதுவதை இலங்கைப் பாடநூல்கள் மூலகம், ஐதரசன், ஒட்சிசன், காபன் என்று எழுதுகின்றன. இரண்டும் தமிழே. இணையத்தில் படிக்கும் மாணவர்கள் இரண்டையும் அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் இரு நாட்டிலும் தரமான பாடங்கள் தமிழில் கிடைக்கின்றன. எச், ஓ, சி என்னும் குறியீடுகள் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் டோக்கியோவிலும் ஒன்றே.

தொடக்கத்தில் எத்தனை குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

118-ஐயும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அப்படி ஒப்பிக்க வைத்துக் கைதட்டுவதால் குழந்தை வேதியியலைக் கற்றுவிடுவதுமில்லை. ஹைட்ரஜன் முதல் கால்சியம் வரையிலான முதல் 20 தனிமங்களை வரிசையோடு அறிந்தால் போதுமான அடித்தளம் அமையும். இந்த 20-இல் ஆங்கிலப் பெயரோடு பொருந்தாதவை சோடியமும் பொட்டாசியமும் மட்டுமே. மீதி 18-இல் மக்னீசியத்துக்கும் குளோரினுக்கும் மட்டும் பெயரின் மூன்றாம் எழுத்து சேர்கிறது. மற்றவை முதலெழுத்தாலோ முதல் இரண்டு எழுத்துகளாலோ ஆனவை. தமிழ்வழியில் படிப்பவர்கள் பாஸ்பரஸ், பொட்டாசியம், ஃபுளூரின் ஆகியவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒருமுறை பார்த்துக்கொண்டால் குழப்பம் இராது. இவற்றோடு இரும்பு, செம்பு, துத்தநாகம், வெள்ளி, வெள்ளீயம், தங்கம், பாதரசம், ஈயம், புரோமின், அயோடின் ஆகிய பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி வேதியியலின் பெரும்பகுதி இந்த 30-க்குள் அடங்கும்.

அட்டையில் ஒருபுறம் குறியீடும் மறுபுறம் பெயர், அணு எண், அது பயன்படும் ஒரு பொருள் ஆகியவையும் எழுதிப் பழகுவது நல்ல வழி. எழுத்துகளைக் கோத்து வாக்கியமாக்கி நினைவில் வைக்கும் உத்திகள் வரிசையைக் காக்க உதவலாம், ஆனால் பொருளோடு தொடர்பு இல்லாததால் அவை விரைவில் நழுவிவிடுகின்றன.

ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்குமா?

புரோட்டான்களின் எண்ணிக்கை மாறாது. கருவில் அவற்றோடு இருக்கும், மின்னூட்டமற்ற நியூட்ரான்களின் எண்ணிக்கை மாறலாம். அப்படி வேறுபடும் அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம். கார்பன் 12, கார்பன் 14 இரண்டுக்கும் குறியீடு சி-யே; புரோட்டான்கள், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கையாகிய நிறை எண்ணைக் குறியீட்டின் இடப்பக்க மேல்மூலையில் எழுதி வேறுபடுத்துவார்கள்.

இனியும் புதிய தனிமங்கள் வருமா? அவற்றுக்கு யார் பெயரிடுவார்கள்?

வரக்கூடும். இப்போது புதியவை உருவாவது துகள் முடுக்கிகளில், ஓர் அணுக்கருவை இன்னொன்றோடு மோதவிட்டு இணைக்கும் முயற்சிகளில். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் 30 புரோட்டான்கள் கொண்ட துத்தநாகத்தின் கருக்களை 83 புரோட்டான்கள் கொண்ட பிஸ்மத்தின்மீது மோதவிட்டு 113-ஆம் தனிமத்தை உருவாக்கினார்கள். 2004, 2005, 2012 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றாக மூன்றே அணுக்கள் கிடைத்தன, அவையும் நொடிக்கும் குறைவான நேரத்தில் சிதைந்தன. ஜப்பானின் பெயரால் அது நிஹோனியம் ஆயிற்று.

கண்டுபிடித்த குழு பெயரை முன்மொழியும். பன்னாட்டுத் தூய மற்றும் பயன்முறை வேதியியல் ஒன்றியமாகிய ஐயுபாக் அதை ஆராய்ந்து ஏற்கும். நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஒகனெசான் ஆகிய நான்கு பெயர்களும் 2016 நவம்பரில் ஏற்கப்பட்டன. ஒகனெசான் என்னும் பெயருக்குரிய யூரி ஒகனேசியான், சீபோர்கியத்துக்குப் பெயர் தந்த கிளென் சீபோர்க்கைப் போலவே, உயிரோடிருக்கும்போதே அந்தப் பெருமையைப் பெற்றவர்.

பெயர் முடிவாகும்வரை அணு எண்ணின் இலக்கங்களைக் கொண்டு தற்காலிகப் பெயர் வழங்கப்படும். ஒன்றுக்கு உன், ஒன்பதுக்கு என் என்று இலக்கத்துக்கு ஓர் அசை உண்டு. அவற்றைக் கோத்தால் 119-ஆம் தனிமத்துக்கு உனுனென்னியம் என்ற பெயரும் யு-யு-ஈ என்ற மூன்றெழுத்துக் குறியீடும் கிடைக்கின்றன. அந்தத் தனிமத்தை இதுவரை யாரும் உருவாக்கவில்லை. உருவாக்கி உறுதிசெய்த பிறகு, அதற்கு ஒன்றோ இரண்டோ எழுத்துகளில் நிலையான குறியீடு தரப்படும்.